ஆளுக்கொரு திரை, ஊருக்கொரு நண்பர்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பங்கு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து, அதுவும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். யோசித்தால் ஆச்சரியமில்லை. படித்து முடித்த கையோடு பாதிப் பேர் ஓசூர், பெங்களூர் என்று பஸ் ஏறிவிடுகிறார்கள், மீதியில் சிலர் கல்யாணமாகி வெளியூர், சிலர் கடல் தாண்டி. ஒன்றாக உட்கார்ந்து படம் பார்த்த கூட்டம் இப்போது வீடியோ காலில் கூடிப் படம் பார்க்க நினைக்கிறது. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

பாலக்கோடு வாசகி: தருமபுரி காலேஜில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர் நாங்கள். ஒருத்தி பெங்களூர், ஒருத்தி துபாய், ஒருத்தி சிங்கப்பூர், இருவர் ஊரிலேயே. சனிக்கிழமை ஓடிடியில் படத்தைப் போட்டு ஸ்கிரீன் ஷேர் பண்ணினேன். எனக்கு நன்றாகத் தெரிகிறது, அவர்களுக்கு வெறும் கறுப்பு, வசனம் மட்டும் கேட்கிறதாம். லேப்டாப் பழசு என்பதாலா?

லேப்டாப் மேல் பழி போடாதீர்கள் சகோதரி. புதிது வாங்கினாலும் இதே கறுப்புதான். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ மாதிரி நிறுவனங்கள் படத்தைப் பூட்டித்தான் அனுப்புகின்றன, அந்தப் பூட்டு உங்கள் திரைக்கு மட்டும் திறக்கும். திரையில் ஓடுவதை வேறு ஏதாவது பிரதி எடுக்கப் பார்த்தால், அது ஸ்கிரீன்ஷாட்டோ ரெக்கார்டிங்கோ நீங்கள் செய்த ஸ்கிரீன் ஷேரோ, அதற்குக் கறுப்புக் கட்டம்தான் கிடைக்கும். ஒலிக்குப் பெரும்பாலும் அந்தக் கெடுபிடி இல்லை, அதனால்தான் வசனம் மட்டும் போய்ச் சேர்ந்தது.

ப்ரௌசரில் இதை மாற்று, அதை அணை என்று வீடியோக்களில் வழி சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். சந்தா நிபந்தனைக்கு விரோதம் என்பது ஒரு பக்கம். அப்படியே திறந்தாலும் இறங்கி வந்த படத்தை உங்கள் லேப்டாப் மறுபடி சுருக்கி மேலே அனுப்பி, அது துபாயில் ஒரு போனில் விரியும்போது ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருக்கும். சண்டைக் காட்சி வந்தால் கட்டம் கட்டமாக உடையும்.

என் யோசனை வேறு. காலில் படத்தை அனுப்பவே வேண்டாம், பேச்சை மட்டும் அனுப்புங்கள். ஐந்து பேரும் அவரவர் டிவியிலோ லேப்டாப்பிலோ அதே படத்தைப் போட்டுக்கொள்வது, போனைக் கூகுள் மீட் காலில் வைத்து (துபாயில் வாட்ஸ்அப் காலுக்குத் தடை இருக்கிறது) ஒரு சொம்பில் சாய்த்துக்கொள்வது. ஐந்து சந்தா வேண்டுமே என்பீர்கள், ஆமாம், வேண்டும். ஆனால் ரீசார்ஜோடு ஏதாவது ஒரு ஓடிடி இலவசமாக ஒட்டிக்கொண்டு வருகிற காலம் இது, ஐந்து பேருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறதா என்று முதலில் குரூப்பில் கேட்டுப் பாருங்கள்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கவுண்டரில் 00:00 என்று காட்டும்போது எல்லோரும் பிளே அழுத்துவது சரிவராது. இந்தியாவில் முன்னால் வருகிற புகையிலை எச்சரிக்கை துபாய்க்காரியின் பிரதியில் இல்லாமல் போகலாம், அப்போது நீங்கள் எச்சரிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் முதல் சீனுக்குப் போயிருப்பாள். அதனால் நிமிடத்தை நம்பாமல் காட்சியை நம்புங்கள். டைட்டிலில் இயக்குநர் பெயர் திரையில் நிற்கிற இடத்தில் எல்லோரும் பாஸ் செய்யுங்கள், ஒருத்தி மட்டும் மூன்று, இரண்டு, ஒன்று எண்ணட்டும். அவள் குரல் மற்றவர்களுக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும், ஆகவே எண்ணுகிறவள் ‘ஒன்று’ சொல்லி ஒரு கண் சிமிட்டும் நேரம் விட்டு அழுத்தினால் சரியாக இருக்கும். முதல் பாட்டு வரும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், யார் முன்னால் ஓடுகிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிடும். முன்னால் ஓடுகிறவள் பாஸ் செய்து காத்திருக்கட்டும், பின்தங்கியவளை முன்னால் தள்ளச் சொன்னால் எங்காவது தாண்டிப்போய் நின்றுவிடும்.

எல்லோரும் லேப்டாப்பில்தான் பார்ப்பீர்கள் என்றால் டெலிபார்ட்டி என்று ஒன்று இருக்கிறது, முன்பு நெட்ஃபிளிக்ஸ் பார்ட்டி என்ற பெயரில் இருந்தது. ப்ரௌசரில் சேர்த்துவிட்டால் ஒருத்தி பாஸ் செய்ததும் எல்லோருக்கும் நிற்கும், எண்ணவே வேண்டாம். இதிலும் ஒவ்வொருவருக்கும் சொந்தச் சந்தா இருந்தாக வேண்டும். ஆப்பிள்காரர்களுக்கு அதே வேலையைச் செய்ய ஃபேஸ்டைமில் ஷேர்பிளே இருக்கிறது, ஐந்து பேரிடமும் ஐபோன் இருக்கிற கூட்டம் நம் பக்கத்தில் எத்தனை என்பது வேறு விஷயம்.

நேரம்: துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். நீங்கள் இரவு ஒன்பதுக்கு ஆரம்பித்தால் சிங்கப்பூரில் பதினொன்றரை, அந்தப் பெண் இடைவேளையில் தூங்கிவிடுவாள். மாலை ஆறுக்கு ஆரம்பித்தால் சிங்கப்பூரில் எட்டரை, துபாயில் நாலரை. துபாய்க்காரிக்குச் சனிக்கிழமை வேலை இருந்தால் ஞாயிறு வையுங்கள்.

பென்னாகரம் வாசகர்: எங்கள் பக்கம் வைஃபை கிடையாது, தினம் ஒன்றரை ஜிபி போன் டேட்டாதான். இரண்டரை மணி நேரப் படமும் வீடியோ காலும் தாங்குமா?

தாங்காது. சாதாரணத் தரத்தில் படம் ஓடினாலே மணிக்கு ஒரு ஜிபி பக்கம் போகும், எச்டி வைத்தால் மூன்று ஜிபி வரை இழுக்கும். அதற்கு மேல் முகம் தெரிகிற கால் வேறு. இடைவேளைக்கு முன்பே உங்கள் கணக்கு முடிந்து, அதற்கப்புறம் 64 கேபிபிஎஸ் வேகத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆனால் வழி இருக்கிறது. படத்தை முன்கூட்டியே ஆப்பிலேயே டவுன்லோட் செய்துவையுங்கள், பெரும்பாலான ஓடிடி ஆப்களில் அந்த வசதி உண்டு. தருமபுரிக்கோ சேலத்துக்கோ போகும்போது வைஃபை இருக்கிற இடத்தில் இறக்கிக்கொள்ளலாம். முடியாவிட்டால் முந்தைய நாள் மீதமிருக்கிற டேட்டாவில், தரத்தைக் குறைத்து வைத்து இறக்கிக்கொள்ளலாம். டவுன்லோடுக்குக் காலாவதி உண்டு, இறக்கிப் பல நாள் விட்டுவிடாதீர்கள். படம் போனிலேயே இருக்கிறது என்றால் அன்றைக்கு இரவு செலவு காலுக்கு மட்டும்தான். அதிலும் வீடியோவை அணைத்து வெறும் குரலாக வைத்தால் மணிக்குச் சில பத்து எம்பி போதும்.

இன்னொன்று, தினசரி டேட்டா பெரும்பாலான பேக்குகளில் நள்ளிரவு பன்னிரண்டுக்குப் புதிதாகிறது. பத்தே முக்காலுக்குப் படம் ஆரம்பித்தால் இடைவேளை விடுகிற நேரத்தில் மறுநாள் கணக்கு திறந்துவிடும். என் அக்கா மகன் கற்றுக்கொடுத்த தந்திரம் இது, படிப்பில்கூட இவ்வளவு கணக்குப் போட்டதில்லை அவன்.

ஒரே போனில் படமும் காலும் ஓட்டினால் பல போன்களில் கால் வந்ததும் படத்தின் ஒலி அமுங்கிவிடும். வீட்டில் யாருடைய பழைய போனாவது இருந்தால் படம் ஒன்றில், கால் மற்றொன்றில் வைத்துக்கொள்ளுங்கள். மலையோர ஊர்களில் மாடிப்படியில் மூன்று புள்ளி சிக்னல், கூடத்தில் ஒன்று என்று இருக்கும். அப்படியிருந்தால் கால் பேசுகிற போன் மட்டும் மாடிப்படியில் உட்காரட்டும், புளூடூத் இயர்போன் வழியாக நீங்கள் கூடத்தில் உட்காரலாம்.

கிருஷ்ணகிரி வாசகர்: ஏழு பேர் காலில் சேர்ந்தால் ஒரே எதிரொலி. ஒருவர் வீட்டுக் குக்கர் விசில், இன்னொருவர் வீட்டு நாய். வசனம் காதில் விழவில்லை. எல்லோரையும் மியூட் போடச் சொன்னால் செத்த வீடு மாதிரி இருக்கிறது. என்ன செய்ய?

எதிரொலிக்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான், யாரோ ஒருவர் ஸ்பீக்கரில் சத்தமாக வைத்திருக்கிறார், அது அவருடைய மைக்குக்குள் போய் மற்ற ஆறு பேருக்கும் திரும்பி வருகிறது. ஒவ்வொருவராக மியூட் போட்டுப் பார்த்தால் ஆள் அகப்படுவார். வழக்கமாக அந்த ஆள்தான் ‘எனக்கு எக்கோ எதுவும் இல்லையே’ என்று சாதித்திருப்பார். ஏனென்றால் எக்கோ மற்றவர்களுக்குத்தான் கேட்கும், அவருக்குக் கேட்காது. டிவியில் படம், போனில் கால் என்றால் போனுக்கு இயர்போன், அதுவும் ஒரு காதில் மட்டும், மறு காதில் டிவி. போனை டிவிக்கு அருகில் வைக்காமல் உங்கள் பக்கம் வையுங்கள்.

மியூட் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எல்லோரையும் மியூட் போடுவதானால் எதற்குக் கூட வேண்டும், தனியாகவே பார்த்துவிட்டு மறுநாள் பேசலாமே. வில்லன் முகத்தைப் பார்த்ததும் ஒருவன் விடுகிற அந்த ஒரு ‘அடப்பாவி’க்காகத்தானே இவ்வளவு ஏற்பாடும். ஆகவே இயர்போன் போட்டவருக்கு மைக் திறந்திருக்கட்டும், போடாதவருக்கு மியூட். குக்கர் வீடும் நாய் வீடும் பேச வேண்டியபோது மட்டும் திறக்கட்டும். சத்தம் குறைக்கும் வசதியை இந்த ஆப்கள் தாமாகவே செய்கின்றன, ஆனால் அது மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுகிற வேலை. படத்தையே காலில் அனுப்புகிறவர்களுக்குப் பின்னணி இசை அமுங்கி அமுங்கி வருவது இதனால்தான். ஜூமில் ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது ‘ஷேர் சவுண்ட்’ என்ற கட்டத்தைத் தொட்டால் ஒலி மைக் வழியாகப் போகாமல் நேராகப் போகும். பலருக்கு அந்தக் கட்டம் கண்ணில் படுவதே இல்லை.

ஊத்தங்கரை வாசகர்: கிளைமாக்ஸுக்கு முன் ஜூம் கட்டாகிவிடுகிறது!

இலவச ஜூமில் நாற்பது நிமிடம்தான். கூகுள் மீட்டில் மூன்று பேரும் அதற்கு மேலும் சேர்ந்தால் ஒரு மணி நேரம். வாட்ஸ்அப் காலுக்கு அப்படி எல்லை இல்லை, 32 பேர் வரை சேரலாம். படம் தனித்தனியாக ஓடும்போது கால் கட்டானாலும் படம் நிற்காது, ஆனாலும் வாட்ஸ்அப் போதுமே.

ஓசூர் வாசகி: எங்கள் அபார்ட்மென்ட் தோழிகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் உண்டு. இப்போது ஆளுக்கொரு ஊர். தமிழில் போட்டால் ஒருத்திக்கு முகம் வாடுகிறது, தெலுங்கில் போட்டால் எனக்கு. எல்லோருக்கும் பொதுவாக இந்தியில் போட்டால் ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

ஓசூர்க்காரர்களுக்குத்தான் இப்படி ஒரு கேள்வி வரும்! ஒரே அறையில் ஒரே டிவியில் தீர்க்க முடியாத இந்தச் சண்டை, தள்ளி இருப்பதால் தீர்கிறது பாருங்கள். மேலே பாலக்கோடு சகோதரிக்குச் சொன்ன மாதிரி அவரவர் திரையில் ஓட்டினால், நீங்கள் தமிழ் ஆடியோ, அவர் தெலுங்கு, இவர் கன்னடம், படம் மட்டும் ஒன்றாக ஓடும். ஒரே படத்துக்குள் ஆடியோ மாற்றிக்கொள்கிற வசதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சில தளங்களில் ஒவ்வொரு மொழியையும் தனித்தனிப் படமாகப் போட்டிருப்பார்கள், அதில் நீளம் மாறலாம், ஒன்றில் ஒரு பாட்டு வெட்டப்பட்டிருக்கலாம். புறப்படும் முன் மூன்று பேரும் மொத்த நிமிடத்தைச் சொல்லிப் பாருங்கள், ஒத்துப்போனால் கவலையில்லை. ஒத்துப்போகாவிட்டால் ஒரே மொழிப் பிரதியை எடுத்து, தேவைப்பட்டவர் ஆங்கில சப்டைட்டில் வைத்துக்கொள்வதுதான் வழி.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நகைச்சுவை வசனத்துக்கு ஒவ்வொரு மொழியிலும் வேறு வேறு எழுதியிருப்பார்கள், நீங்கள் சிரிக்கும்போது அவர் சும்மா இருப்பார், என்ன சொன்னான் என்று கேட்பார். பாஸ் செய்து சொல்லிக்கொடுத்துவிட்டுத் தொடருங்கள். இரண்டரை மணிப் படம் மூன்றரை மணி ஆகும், ஆகட்டுமே.

காவேரிப்பட்டணம் வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: எங்கள் செட்டில் இப்போது ஆறு பேர் இருக்கிறோம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைச் சேர்ந்து பார்க்க ஆசை. ஓடிடி சந்தாவெல்லாம் எங்களுக்கு வேண்டாம். யூடியூபில் முடியுமா?

முடியும் ஐயா, உங்களுக்குத்தான் வேலை சுலபம். பழைய தமிழ்ப் படங்களில் நிறைய, உரிமை வைத்திருக்கிற நிறுவனங்களே யூடியூபில் முழுதாகப் போட்டிருக்கின்றன. ஆனால் நான் மற்றவர்களுக்குச் சொன்னதற்கு நேர்மாறாக நீங்கள் செய்ய வேண்டும். யூடியூபில் விளம்பரம் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு நீளத்தில் வரும். ஆறு பேரும் தனித்தனியாகப் போட்டால் கால் மணி நேரத்தில் ஆறு பேரும் ஆறு காட்சியில் இருப்பீர்கள். ஆகவே ஒருவர் மட்டும் ஓட்டி, மற்றவர்களுக்கு ஸ்கிரீன் ஷேர் செய்வது நல்லது. இந்த இலவசப் படங்களுக்கு ஓடிடி போலக் கறுப்புத் திரைத் தொந்தரவு பொதுவாக இல்லை. பழைய படம் முதலிலேயே சற்று மங்கல்தான், கேமராவும் அதிகம் ஓடியாடாது, அதனால் காலில் போனாலும் பெரிதாகக் கெட்டுவிடாது.

கம்ப்யூட்டர் இருந்தால் கூகுள் மீட்டைத் திறந்து, ‘பிரசென்ட்’ கொடுக்கும்போது முழுத் திரையைக் கொடுக்காமல் யூடியூப் ஓடுகிற டேப்பை மட்டும் தேர்ந்தெடுங்கள், டேப் ஆடியோவும் சேர்ந்து போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் கால் முடிந்தால் அதே லிங்கில் மறுபடி சேர்ந்துகொள்ளலாம், அதையே இடைவேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். போன்தான் என்றால் வாட்ஸ்அப் வீடியோ காலிலேயே ஸ்கிரீன் ஷேர் 2023-இல் வந்துவிட்டது, ஒலியும் சேர்ந்து போகிற வசதி மறு ஆண்டு வந்தது. யாரிடம் ஃபைபர் இணைப்பு இருக்கிறதோ அவர் ஓட்டட்டும். அனுப்புகிறவருக்கு மேலே ஏறுகிற வேகம் முக்கியம், போன் டேட்டாவில் அதுதான் பலவீனம். பகல் காட்சி வைத்தால் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு யார் ஊரில் என்று பேப்பரில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன படம் பார்ப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேல் எடுத்துக் குவித்திருக்கிறது, அதிலிருந்தே ஆரம்பியுங்களேன்.

அரூர் வாசகி: பத்தாவது படிக்கும் மகள் தோழிகளோடு வீடியோ காலில் படம் பார்க்கிறேன் என்று இரவு பன்னிரண்டு வரை உட்கார்ந்திருக்கிறாள். தடுப்பதா, விடுவதா?

விடுங்கள் அம்மா, ஆனால் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரிய டிவி இருக்கும்போது அறைக்குள் போனில் எதற்கு. நீங்கள் கவனிக்க வேண்டியது லிங்க்கை. தோழிகள் ஆறு பேர் சேருகிற லிங்க்கை யாராவது பெரிய குரூப்பில் போட்டுவிட்டால் ஏழாவதாக யார் வருவார் என்று சொல்ல முடியாது. மீட்டாக இருந்தாலும் ஜூமாக இருந்தாலும் ஆரம்பிக்கிறவர் அனுமதித்த பிறகே உள்ளே வரும்படி வைக்கலாம், அதை வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வாட்ஸ்அப் என்றால் தெரிந்த எண்களை மட்டும் சேர்த்து அழைப்பதே நல்லது. ஓடிடி பாஸ்வேர்டைத் தோழிக்குக் கொடுத்திருக்கிறாளா என்றும் மெதுவாக விசாரியுங்கள், கொடுத்திருப்பாள், மாற்றிவிடுங்கள். படத்தின் வயது வரம்பைக் குழந்தைகள் புரொஃபைலில் நீங்களே வைத்துவிடலாம். நேரத்துக்கு மாலைக் காட்சி: ஆறுக்கு ஆரம்பித்தால் ஒன்பதுக்குள் முடிந்துவிடும், சாப்பாட்டுத் தட்டோடு இடைவேளையும் ஆகும். எதிர்முனையில் இருக்கிற அம்மாக்களிடமும் ஒருமுறை பேசிக்கொள்ளுங்கள், அவர்களும் இதே கேள்வியோடுதான் இருப்பார்கள்.

தருமபுரி வாசகர்: டெலிகிராமில் வந்த புதுப் படத்தை ஸ்கிரீன் ஷேர் செய்தால் கறுப்பு வருவதில்லை. அது தேவலாம் போலிருக்கிறதே?

பூட்டை உடைத்துத் திருடிய பொருளுக்குப் பூட்டு எப்படி இருக்கும் தம்பி? சினிமாட்டோகிராஃப் சட்டத்தை 2023-இல் திருத்தி, திருட்டுத்தனமாகப் படம்பிடிப்பதற்கும் அந்தப் பிரதியைப் பொதுவில் காட்டுவதற்கும் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, குறைந்தது மூன்று லட்சம் அபராதம் என்று வைத்திருக்கிறார்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, அந்த ஃபைல்களோடு உங்கள் போனுக்குள் வேறு என்னென்ன இறங்குகிறது என்றும் யோசியுங்கள்.

பர்கூர் வாசகர்: ஒரு நண்பன் நியூஜெர்சி. எப்போது வைத்தாலும் யாரோ ஒருவருக்குத் தூக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வையுங்கள். அவனுக்குச் சனிக்கிழமை இரவு ஒன்பதரை, அங்கே குளிர்காலத்தில் கடிகாரத்தை மாற்றிய பிறகு எட்டரை. நம் பக்கம் இட்லியோடு படம், அங்கே பாப்கார்னோடு. நீங்கள் தேர்ந்தெடுத்த படம் அவன் ஊரிலும் அதே ஓடிடியில் இருக்கிறதா என்று முன்பே பார்க்கச் சொல்லுங்கள், நாட்டுக்கு நாடு உரிமையைத் தனித்தனியாக விற்கிறார்கள்.

தேன்கனிக்கோட்டை வாசகர்: என்ன படம் என்று முடிவெடுக்கவே ஒரு மணி நேரம் போகிறது, பாதிப் பேர் அதற்குள் ஓடிவிடுகிறார்கள்.

வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். எட்டுப் பேர் ஓட்டுப் போட்டு ஜெயிக்கிற படம் பெரும்பாலும் யாருக்கும் பிடிக்காத படமாகத்தான் இருக்கும். முறை வைத்துக்கொள்ளுங்கள், இந்த வாரம் யார் முறையோ அவர் வியாழக்கிழமையே படத்தின் பெயரையும் ஓடிடி பெயரையும் குரூப்பில் போட்டுவிட வேண்டும், மறுப்புக்கு இடமில்லை. திட்டுவது எல்லாம் படம் ஓடும்போது. மாங்காய் சீசனில் மண்டியே கதி என்று கிடக்கிற நண்பர் யாராவது உங்கள் கூட்டத்தில் இருந்தால் மே, ஜூனில் அவருக்கு முறை தராமல் ஆகஸ்டுக்குத் தள்ளிவையுங்கள்.